தனியா இருக்கணும்னு ஓடினாங்க... பெரிய மடங்களையே கட்டிட்டாங்க! - ஐரோப்பியத் துறவிகளின் 700 ஆண்டுக் கதை

‘பேசாம வேலையை விட்டுட்டு, சிக்னலே கிடைக்காத ஒரு மலையில போய் உட்கார்ந்துடலாம்னு இருக்கு...’

திங்கட்கிழமை காலையில் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இந்த மெசேஜ் வந்துவிடும். நாலு பேர் சிரிப்பு எமோஜி போடுவார்கள். பத்தரைக்கு மீட்டிங் தொடங்கும். அதோடு அந்த ஆசை அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகும்.

நிஜமாகவே அப்படிக் கிளம்பிப் போனவர்களும் இருக்கிறார்கள். சுமார் கி.பி. 500-லிருந்து 1250 வரையிலான ஐரோப்பாவில், படிப்பு, சொத்து, பதவி எல்லாவற்றையும் விட்டுவிட்டு குகைக்கும் காட்டுக்கும் சதுப்பு நிலத்துக்கும் போனவர்கள். அவர்களில் பலரை இன்று கத்தோலிக்கத் திருச்சபை புனிதர்களாகக் கொண்டாடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தனியாக இருக்கப் போனவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் வந்ததும் சோறு, படுக்கை, ரூல்ஸ் எல்லாம் தேவைப்பட்டது. இப்படி ஒரு மடம் உருவானது. மடம் நல்ல பெயர் வாங்கியதும் நிலமும் பணமும் கொட்டின. வசதி வந்ததும், ‘இதுக்கா நாம வந்தோம்?’ என்று உள்ளே இருந்த ஒருவர் மறுபடி காட்டுக்குக் கிளம்பினார். திரும்பவும் முதலில் இருந்து!

தோல்வியைத் தாங்குவதைவிட வெற்றியைத் தாங்குவதுதான் இவர்களுக்குப் பெரிய பாடாக இருந்திருக்கிறது. அந்தச் சிக்கலை ஆறு பேர் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்போம்.

1. பெனடிக்ட்: விஷம் வைத்தவர்களுக்கும் தலைவர்

தமிழகக் கத்தோலிக்கர்கள் ‘புனித ஆசீர்வாதப்பர்’ என்று அழைப்பது இவரைத்தான். சுமார் 480-ல் இத்தாலியின் நூர்சியா என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். மேற்படிப்புக்காக ரோமுக்கு அனுப்பினார்கள். ரோமப் பேரரசு சரிந்து முடிந்திருந்த காலம் அது. கூடப் படித்தவர்கள் வாழ்ந்த விதம் பிடிக்காமல், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார். பிறகு போனது சுபியாகோ என்ற இடத்தில் இருந்த ஒரு குகைக்கு.

அங்கே மூன்று வருஷம். ரோமானுஸ் என்ற துறவி மட்டும் மேலிருந்து கயிற்றில் ரொட்டியைக் கட்டி இறக்குவாராம். கயிற்றில் ஒரு சின்ன மணியும் இருக்கும். சத்தம் கேட்டால் சாப்பாடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பக்கத்து மடத்துத் துறவிகள் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, ‘எங்களுக்குத் தலைவரா வாங்க’ என்று கூப்பிட்டார்கள். ‘உங்களுக்கும் எனக்கும் ஒத்துவராது’ என்று முதலிலேயே சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர்கள் விடவில்லை. போனார், கண்டிப்பு காட்டினார். கொஞ்ச நாளில் அவர்களே அவருடைய திராட்சை ரசத்தில் விஷம் கலந்தார்கள். அவர் சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதித்ததும் பாத்திரம் உடைந்து சிதறியது என்கிறது கதை. கோபப்படாமல் குகைக்கே திரும்பிவிட்டாராம்.

இந்தக் கதையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பெனடிக்ட் இறந்து சுமார் 50 ஆண்டுகள் கழித்து, போப் முதலாம் கிரிகோரி எழுதிய நூல்தான் ஆதாரம். அவரும், பெனடிக்டின் சீடர்கள் நான்கு பேரிடம் கேட்டதாகவே சொல்கிறார். புனிதர்களின் வாழ்க்கை வரலாறு என்பது அந்தக் காலத்தில் தனி வகை எழுத்து. அதில் நடந்ததும் இருக்கும், பக்தியோடு சேர்த்ததும் இருக்கும். அதனால் அற்புதங்களை நம்புவதும் விடுவதும் வாசிப்பவர் விருப்பம். ஆனால், ஒரு மடத்தின் ஆட்களே தங்கள் தலைவரைக் கொல்லப் பார்த்தார்கள் என்பதை ஒரு போப்பே மறைக்காமல் எழுதியிருக்கிறார். கூட்டாக வாழ்வது அப்போதும் எவ்வளவு கஷ்டம் என்பது அதிலேயே தெரிகிறது.

பிறகு சுபியாகோவில் 12 மடங்கள், ஒவ்வொன்றிலும் 12 துறவிகள் என்று ஏற்பாடு செய்தார். சுமார் 529-ல் மோன்தே காசினோ என்ற மலைக்குப் போனார். அங்கேதான் உலகப் புகழ்பெற்ற அந்த ரூல் புக்கை எழுதினார்.

அந்த ரூல் புக்கில் அப்படி என்னதான் இருக்கு?

மொத்தம் 73 அத்தியாயங்கள். கடவுளைப் பற்றிய பெரிய தத்துவம் இருக்கும் என்று நினைத்துத் திறந்தால், பாதிக்கு மேல் ஒரு நல்ல ஹாஸ்டல் வார்டன் எழுதியது மாதிரி இருக்கும். எத்தனை மணிக்கு எழ வேண்டும், யார் சமைப்பது, தாமதமாக வந்தால் என்ன செய்வது, இரவு எந்த உடையில் தூங்குவது... எல்லாம் உண்டு.

சில சாம்பிள்கள்:

* சேர்வது சுலபம் இல்லை: புதிதாக வருபவரை உடனே உள்ளே விடக்கூடாது. நாலைந்து நாள் வாசலிலேயே காத்திருக்க வேண்டும். அதன்பின் ஒரு வருஷம் ப்ரொபேஷன். அதற்குள் ரூல் புக்கை மூன்று முறை முழுசாகப் படித்துக் காட்டி, ‘இதுதான் நிபந்தனை, இப்பவும் போகலாம்’ என்று சொல்ல வேண்டும்.
* பழைய சட்டை பத்திரம்: சேர்ந்தவர் போட்டு வந்த உடையைத் தூக்கிப் போடக்கூடாது. பீரோவில் எடுத்து வைக்க வேண்டும். ஒருநாள் அவர் மனம் மாறி வெளியேறினால், அதைக் கொடுத்து அனுப்ப வேண்டும்.
* எதுவும் சொந்தம் இல்லை: புத்தகம், எழுதும் பலகை, எழுதுகோல்கூட மடத்துக்குத்தான் சொந்தம்.
* மீட்டிங்கில் ஜூனியருக்கும் மைக்: முக்கியமான முடிவென்றால் எல்லோரையும் கூட்டிக் கேட்க வேண்டும். நல்ல யோசனையைக் கடவுள் பல நேரம் ஆக இளையவர் வாயிலாகத்தான் சொல்வார் என்பது அவர் கருத்து. கடைசி முடிவு மட்டும் மடத் தலைவருடையது.
* வைன் உண்டு, அளவாக: துறவிக்குத் திராட்சை ரசமே ஆகாது என்றுதான் அவருக்கும் எண்ணம். ஆனால், இந்தக் காலத்துத் துறவிகளிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு அளவு வைத்தார். ஏறத்தாழ கால் லிட்டர் என்கிறார்கள்.

பெனடிக்ட் என்றதும் ‘ஜெபி, உழை’ என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகத்தைச் சொல்வார்கள். அது அவருடைய ரூல் புக்கில் எங்கேயும் இல்லை, பின்னால் வந்த சுருக்கம். ஆனால் விஷயம் சரிதான். பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை ஜெபம். நடுவில் உடலுழைப்பு, வாசிப்பு. ‘என்னால் முடிந்தவரை விரதம்’ என்று ஆளாளுக்கு எல்லை தாண்டிக்கொண்டிருந்த காலத்தில், சராசரி மனுஷனும் தாக்குப்பிடிக்கிற மாதிரி டைம்டேபிள் போட்டதுதான் அவர் சாதனை. சுமார் 547-ல் அவர் இறந்தார். இன்றும் அந்த 73 அத்தியாயங்களின்படி வாழ்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஏழையாக வாழ வந்தவர்களிடம் பணம் எப்படிச் சேர்ந்தது?

இதைப் புரிந்துகொள்ள பிரான்ஸுக்குப் போக வேண்டும். 910-ல் அக்கித்தேன் பகுதியின் பிரபு வில்லியம், க்ளூனி என்ற இடத்தில் மடம் கட்ட நிலம் கொடுத்தார். பெர்னோ என்பவர் முதல் தலைவர். எந்த உள்ளூர் பிரபுவும், ஏன் தன் வாரிசுகளே கூட, மடத்தில் தலையிடக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார் வில்லியம். அரசியல் தொந்தரவு இல்லாததால் மடம் கிடுகிடுவென வளர்ந்தது.

அதோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது: மரண பயம். வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட பிரபுக்களுக்கு, செத்த பிறகு தங்கள் ஆன்மா என்ன ஆகும் என்ற கவலை. ‘உங்களுக்காக நாங்கள் என்றென்றும் ஜெபிப்போம்’ என்று சொல்ல மடத்தில் ஆள் இருந்தது. பதிலுக்கு நிலம், காடு, ஆலை, சில சமயம் ஊரே வந்து சேர்ந்தது.

நவம்பர் 2 அன்று நம்ம ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கூட்டம் நிற்குமே, கல்லறைத் திருநாள், அந்தத் தேதிக்கும் க்ளூனிக்கும் தொடர்பு உண்டு. 994 முதல் 1049 வரை க்ளூனியின் தலைவராக இருந்த புனித ஓடிலோதான், இறந்த எல்லோருக்காகவும் இந்த நாளில் ஜெபிக்கும் வழக்கத்தைத் தன் மடங்களில் கொண்டுவந்தவர். அங்கிருந்து அது உலகம் முழுக்கப் பரவியது.

க்ளூனியின் கீழ் நூற்றுக்கணக்கான மடங்கள் வந்தன. 1088-ல் அங்கே தொடங்கிய மூன்றாவது ஆலயம், ரோமில் இன்று இருக்கும் புனித பேதுரு பேராலயம் எழும்பும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய ஆலயமாக இருந்தது. ஜெபம் நீண்டுகொண்டே போக, உடலுழைப்பு சுருங்கியது. வயலில் மற்றவர்கள் வேலை பார்த்தார்கள். பெனடிக்டின் டைம்டேபிளில் ஒரு பாதி காணாமல் போனது.

இதற்குப் பிறகு வந்தவர்கள் பலரும் ஏதோ ஒரு விதத்தில் இந்தப் பிரச்னைக்குத்தான் பதில் தேடினார்கள்.

2. ரோமுவால்ட்: ஓடிக்கொண்டே இருந்தவர்

இத்தாலியின் ரவென்னாவில் ஒரு பிரபு குடும்பம். சொத்துத் தகராறில் அப்பா தன் உறவினரையே வாள்சண்டையில் கொன்றார். அதைக் கண்ணால் பார்த்த இளைஞன்தான் ரோமுவால்ட். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக 40 நாள் ஒரு மடத்தில் தங்கப் போனார். அங்கேயே துறவியாகிவிட்டார்.

சேர்ந்த பிறகுதான் பிரச்னை. மற்ற துறவிகள் ரூல்ஸை லேசாக எடுத்துக்கொள்வதாக இவருக்குப் பட்டது, அதை வாய்விட்டும் சொன்னார். யாருக்குப் பிடிக்கும்? அங்கிருந்து கிளம்பினார். பிறகு வாழ்நாள் முழுக்க ஓர் இடத்தில் குடில் போடுவது, ஆட்கள் சேர்ந்ததும் ஒரு தலைவரை நியமித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவது என்றே இருந்தார்.

அவருடைய வரலாற்றை எழுதிய பீட்டர் தமியான் ஒரு கதை சொல்கிறார். ரோமுவால்ட் தங்கள் ஊரைவிட்டுப் போகப் போகிறார் என்று தெரிந்ததும், ஒரு பகுதி மக்கள் அவரைக் கொன்றுவிடத் திட்டம் போட்டார்களாம். கோபத்தில் அல்ல, பக்தியில்! உயிரோடு போனால் போகட்டும், உடலாவது நம்ம ஊரில் இருந்தால் பாதுகாப்பு என்ற கணக்கு. ரோமுவால்ட் தலையை மழித்துக்கொண்டு, பைத்தியம் பிடித்தவர் போல விடியற்காலையிலேயே கண்டபடி சாப்பிட ஆரம்பித்தார். ‘இவரா புனிதர்?’ என்று வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்களாம்.

சுமார் 1012-ல் டஸ்கனி மலைக்காட்டில் அவர் உருவாக்கிய கமால்தோலிதான் நிலைத்தது. மேலே காட்டுக்குள் தனித்தனிக் குடில்கள். கீழே விருந்தினர்களை வரவேற்கும் மடம். தனிமையும் வேண்டும், கூட்டமும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுத்துவிடுவது. இதுதான் ரோமுவால்டின் பதில். 1027-ல் அவர் இறந்தபோது, அறையில் தனியாகத்தான் இருந்தார்.

குளித்தலையில் இருக்கும் கனெக்‌ஷன்

கமால்தோலிக்கும் காவிரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சம்பந்தம் இருக்கிறது. கரூர் மாவட்டம் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் இருக்கிறது சாந்திவனம் என்கிற சச்சிதானந்த ஆசிரமம். 1950-ல் ஜூல் மோன்ஷனான் என்ற பிரெஞ்சு குருவும், ஹென்றி லெ சோ என்ற பெனடிக்டைன் துறவியும் தொடங்கினார்கள். லெ சோ, பின்னாளில் சுவாமி அபிஷிக்தானந்தா என்ற பெயரில் அறியப்பட்டார். 1968-ல் பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்ஸ் காலத்தில் அந்த ஆசிரமம் கமால்தோலி சபையோடு இணைந்தது. காவி உடை, தரையில் அமர்ந்து தியானம், காவிரிக்காற்று... ஆயிரம் வருஷத்துக்கு முன் ரோமுவால்ட் தொடங்கிய குடும்பத்தின் ஒரு கிளை அது.

3. புருனோ: ‘போதும்’ என்று சொன்னவர்

கொலோன் நகரில் பிறந்த புருனோ, பிரான்ஸின் ரெய்ம்ஸ் பேராலயப் பள்ளியில் பேர் பெற்ற பேராசிரியர். அவரிடம் படித்தவர் ஒருவர் பின்னாளில் போப் இரண்டாம் உர்பான் ஆனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தன் பேராயரின் முறைகேடுகளை எதிர்த்து நின்றதில் பதவி, சொத்து எல்லாம் பறிபோனது. அந்தப் பேராயர் நீக்கப்பட்ட பிறகு, அடுத்த பேராயராகும் வாய்ப்பு புருனோ பக்கம் திரும்பியது. அவரோ, கிளம்பிவிட்டார்.

1084-ல் ஆறு நண்பர்களோடு ஆல்ப்ஸ் மலையில் கிரெநோபிள் அருகே ஷார்த்ரூஸ் என்ற இடத்தில் குடியேறினார். மொத்தம் ஏழு பேர். குளிர்காலத்தில் பனி மூடினால் வெளியுலகத் தொடர்பே கிடையாது. 1132-ல் பனிச்சரிவு வந்து முதல் கட்டடங்களை நாசமாக்கியது. அப்போதும் அந்த மலையைவிட்டு அவர்கள் போகவில்லை, கொஞ்சம் கீழே தள்ளிக் கட்டிக்கொண்டார்கள்.

புருனோவுக்கு மட்டும் அங்கே இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆறே வருஷத்தில், போப்பாகிவிட்ட பழைய மாணவர் ஆலோசனைக்காக ரோமுக்கு வரச் சொன்னார். மறுக்க முடியாத அழைப்பு. கடைசிவரை ஷார்த்ரூஸுக்குத் திரும்ப முடியவில்லை. தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் இன்னொரு குடில் அமைத்து, 1101-ல் அங்கேயே இறந்தார்.

அவர் ரூல் புக் எதுவும் எழுதவில்லை. பின்னால் வந்த தலைவர் கீகோ 1120-களில் நடைமுறைகளைத் தொகுத்தார். அதில்தான் அந்த மடத்தின் சூட்சுமம் இருக்கிறது: எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு. தலைவரையும் சேர்த்து 13 துறவிகள், 16 உழைக்கும் சகோதரர்கள். மடத்தின் எல்லைக்கு வெளியே நிலம் வாங்கக் கூடாது. ஆடு மாடு எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் கணக்கு. ஏன்? பெரிதானால் பிச்சை எடுக்க வேண்டும், அல்லது ஊர் சுற்ற வேண்டும். இரண்டுமே தனிமைக்கு எதிரி.

இந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. மடத்துத் துறவிகள் 130 மூலிகைகளில் தயாரிக்கும் ‘ஷார்த்ரூஸ்’ என்ற மதுபானத்துக்கு உலகம் முழுக்க காக்டெய்ல் பார்களில் செம டிமாண்ட். எந்த நிறுவனமாக இருந்தாலும் புது ஃபேக்டரி போட்டிருக்கும். இவர்கள் 2019-ல் உற்பத்தியைக் கூட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். தட்டுப்பாடு வந்து 2023-ல் அது உலகச் செய்தியானது. கூடுதல் வியாபாரம் ஜெப வாழ்க்கையைக் கெடுக்கும், மலையையும் கெடுக்கும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

பிலிப் க்ரோனிங் என்ற ஜெர்மன் இயக்குநர், இந்த மடத்தைப் படமெடுக்க 1984-ல் அனுமதி கேட்டார். ‘இப்போது நேரம் சரியில்லை’ என்றார்கள். சுமார் 16 வருஷம் கழித்து ‘இப்போது வரலாம்’ என்று பதில் வந்தது. படம் 2005-ல் வெளியானது. பின்னணிக் குரலே இல்லாத கிட்டத்தட்ட மூன்று மணி நேர அமைதி அது.

4. ராபர்ட்டும் சிட்டோவும்: சதுப்பு நிலத்திலிருந்து கம்பளி வியாபாரம் வரை

ராபர்ட் 1075-ல் பிரான்ஸின் மோலேம் என்ற இடத்தில் சின்னதாக ஒரு மடம் தொடங்கினார். நல்ல பெயர் கிடைத்தது, நன்கொடை குவிந்தது, பழைய கதையே திரும்பியது. 1098-ல், எழுபது வயதை ஒட்டிய அவர், சுமார் 20 துறவிகளோடு தான் கட்டிய மடத்தைவிட்டே வெளியேறினார். போன இடம் திஜோன் நகருக்குத் தெற்கே சதுப்புக் காடு. பெயர் சிட்டோ.

மோலேம் துறவிகள் சும்மா விடவில்லை. நிறுவனர் போனதால் மடத்தின் மானம் போகிறது என்று போப்பிடம் மனு போட்டார்கள். அடுத்த ஆண்டே ராபர்ட் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. தப்பித்துப் போனவரைப் பிடித்து வந்து பழைய சீட்டில் உட்கார வைத்தது போல.

சிட்டோவைத் தூக்கி நிறுத்தியது மூன்றாவது தலைவரான ஸ்டீபன் ஹார்டிங் என்ற ஆங்கிலேயர். சாயம் போடாத கம்பளி உடை, அலங்காரம் இல்லாத ஆலயம், மறுபடி வயல் வேலை. க்ளூனியில் எல்லாம் ஒரு தலைமையகத்தின் கையில் இருந்தது. சிட்டோவில் ஒவ்வொரு மடமும் தனி. ஆனால், தாய் மடத்தின் தலைவர் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து ஆடிட் செய்வார். எல்லாத் தலைவர்களும் வருஷத்துக்கு ஒருமுறை கூடிப் பேசுவார்கள். 1119-ல் போப் இதற்கு ஒப்புதல் கொடுத்தார்.

அதற்குள் பெர்நார்து என்ற இளைஞர் வந்து சேர்ந்திருந்தார். தனியாக அல்ல. அண்ணன் தம்பிகள், சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று சுமார் 30 பேரைப் பேசிப் பேசியே கூட்டி வந்தார். 1115-ல் க்ளேர்வோ மடத்தை அமைக்க அவரை அனுப்பினார்கள். ஆலயச் சுவர் தங்கமாக மின்னும்போது ஏழைகள் பட்டினி கிடக்கிறார்களே என்று க்ளூனி பாணியைக் கிழித்துத் தொங்கவிட்டார். 1153-ல் அவர் இறந்தபோது சிட்டோ குடும்பத்தில் 300-க்கும் மேற்பட்ட மடங்கள் இருந்தன. உலகத்தை விட்டுவந்த இதே பெர்நார்துதான் 1146-ல் இரண்டாம் சிலுவைப்போருக்கு ஆள் திரட்டி ஊர் ஊராகப் பேசினார். அந்தப் போர் படுதோல்வியில் முடிந்தது.

இங்கேதான் ட்விஸ்ட். யாருக்கும் வேண்டாத நிலத்தை வாங்கிக் கடுமையாக உழைத்தால் என்ன ஆகும்? நிலம் பொன்னாகும். எளிமையாக வாழ்ந்து செலவே செய்யாவிட்டால்? பணம் சேரும். இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில் ஃபவுன்டன்ஸ் போன்ற சிட்டோ மடங்கள் ஆயிரக்கணக்கில் ஆடு வளர்த்து இத்தாலிய வியாபாரிகளுக்குக் கம்பளி விற்றன. வரப்போகும் வருஷங்களின் கம்பளிக்கும் இப்போதே அட்வான்ஸ் வாங்கி, ஆடுகளுக்கு நோய் வந்தபோது கடனிலும் சிக்கின.

இந்த உழைப்பின் பெரும்பகுதி யாருடையது? எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த உழைக்கும் சகோதரர்களுடையது. அவர்களுக்கு மடத்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லை. சில மடங்களில் கலகமே செய்திருக்கிறார்கள். ‘தனிமை’ வேண்டும் என்று, ஏற்கெனவே குடியிருந்த கிராமங்களைக் காலி செய்யவைத்த சம்பவங்களும் உண்டு. பூட்டிய ஆலயத்தின் அழகை ரசிக்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

5. ஹில்டகார்ட்: படுத்தே சாதித்தவர்

இதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பிடிக்காவிட்டால் கிளம்பிப் போக முடிந்தது. பெண்களுக்கு?

சிட்டோ தொடங்கிய அதே 1098-ல் ஜெர்மனியில் பிறந்தவர் ஹில்டகார்ட். சின்ன வயதிலேயே மடத்து வாழ்க்கைக்குக் கொடுக்கப்பட்டவர். டிசிபோடன்பெர்க் என்ற ஆண்கள் மடத்தை ஒட்டி, பெண்களுக்கென்று ஒரு சிறிய பகுதி இருந்தது. 1136-ல் அந்தப் பெண்களின் தலைவியானார். காட்சிகள் காண்பவர், பாடல் இயற்றுபவர் என்று புகழ் பரவியதும், பணக்கார வீட்டுப் பெண்கள் வரதட்சணைச் சொத்தோடு வந்து சேர்ந்தார்கள்.

‘எங்களுக்குத் தனி மடம் வேண்டும்’ என்றார் ஹில்டகார்ட். மடத் தலைவர் கூனோ மறுத்தார். புகழும் போகும், சொத்தும் போகும், எப்படி விடுவார்? ஹில்டகார்ட் படுத்த படுக்கையானார். கடவுளின் கட்டளையைத் தடுப்பதால் வந்த நோய் என்றார். கூனோவே நேரில் வந்து பார்த்தார். அசைக்கக்கூட முடியவில்லை என்கிறது அவர் வரலாறு. அனுமதி கிடைத்தது, எழுந்துவிட்டார்!

சுமார் 1150-ல் பிங்கன் அருகே ரூபர்ட்ஸ்பெர்க்கில் தன் மடத்தைத் தொடங்கினார். அதோடு விடவில்லை. பெண்களோடு வந்த சொத்துகள் எங்களுக்குத்தான் சேரும் என்று பேசி எழுதி வாங்கினார். ஆண் துறவிகள் சொத்தை விடுவதற்குப் போராடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண் சுதந்திரமாக இருக்கச் சொத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அடுத்தவர் தயவில் இருக்கும்வரை தனி முடிவு இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

6. கிளாரா: ‘எதுவும் வேண்டாம்’ என்பதற்கு 40 வருடப் போராட்டம்

அசிசி நகரின் பிரபு குடும்பத்துப் பெண். 1212, குருத்தோலை ஞாயிறு இரவு. சுமார் 18 வயது கிளாரா யாருக்கும் தெரியாமல் வீட்டைவிட்டு வெளியேறினார். ஊருக்கு வெளியே காத்திருந்த அசிசி பிரான்சிஸ், அவர் தலைமுடியை வெட்டித் துறவியாக ஏற்றுக்கொண்டார். தற்காலிகமாகத் தங்கியிருந்த மடத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்து இழுத்துப்போகப் பார்த்தார்கள். கிளாரா பீடத்துணியைப் பிடித்துக்கொண்டு, வெட்டிய தலையைக் காட்டினார். திரும்பிப் போய்விட்டார்கள். பிறகு தங்கை ஆக்னஸ் வந்தார். பின்னாளில் அம்மாவும் வந்து சேர்ந்தார்.

சான் தமியானோ என்ற சின்ன ஆலயத்தை ஒட்டி இவர்கள் வாழத் தொடங்கினார்கள். கிளாரா கேட்டது ஒன்றே ஒன்றுதான். தனியாளாக மட்டுமல்ல, மடமாகவும் எங்களுக்குச் சொத்தே வேண்டாம். நிலம் இல்லை, வாடகை இல்லை, வருமானம் இல்லை. கை உழைப்பும் மக்கள் தருவதும் போதும்.

திருச்சபைத் தலைமைக்கு இது பெரிய தலைவலி. வெளியே போகாத பெண்கள், வருமானமும் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவார்கள்? அக்கறையான கேள்விதான். போப் ஒன்பதாம் கிரிகோரி நேரிலேயே சொத்து கொடுக்க முன்வந்தார். வறுமை வாக்குறுதிதான் தடை என்றால் அதிலிருந்து விடுவிப்பதாகவும் சொன்னார். பாவத்திலிருந்து விடுவித்தால் போதும், இதிலிருந்து வேண்டாம் என்ற பொருளில் பதில் சொன்னார் கிளாரா. 1228-ல், இவர்களைச் சொத்து வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்தப் போப்பே எழுதிக் கொடுத்தார். மானியமும் சலுகையும் கேட்டுப் போப்பிடம் வருபவர்கள் உண்டு. ஒன்றுமே இல்லாமல் இருக்கும் உரிமைக்குப் பத்திரம் வாங்கியவர் இவர்.

இருந்தாலும், மடத்துக்கென்று மற்றவர்கள் எழுதிய ரூல் புக்குகளே தொடர்ந்து வந்தன. நோயில் விழுந்து பல வருடம் படுக்கையில் இருந்த கிளாரா, கடைசியில் தானே ஒன்றை எழுதினார். பெண்களுக்கான துறவற விதிகளைத் தானே எழுதிப் போப்பின் ஒப்புதல் வாங்கிய முதல் பெண் அவர்தான். போப் நான்காம் இன்னொசென்ட் ஒப்புதல் கொடுத்த தேதி 1253 ஆகஸ்ட் 9. கிளாரா இறந்தது ஆகஸ்ட் 11.

இடையில் இரண்டே நாள்.

அப்புறம் என்ன ஆச்சு?

பத்து வருஷம் கழித்து, 1263-ல், போப் நான்காம் உர்பான் கிளாராவின் பெயரிலேயே இயங்கிய மடங்களுக்குப் புதிய விதிகள் கொடுத்தார். அதன்படி மடங்கள் சொத்து வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான மடங்கள் அதற்கு மாறின.

மற்றவர்களின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். க்ளூனியின் பிரமாண்ட ஆலயம் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல் கல்லாக விற்கப்பட்டு, இன்று ஒரு சிறு பகுதிதான் நிற்கிறது. ஃபவுன்டன்ஸ் மடத்தை 1539-ல் எட்டாம் ஹென்றி ஆட்சியில் மூடினார்கள். அது இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். பெனடிக்டின் மோன்தே காசினோ லொம்பார்துகளின் தாக்குதல், 883-ல் அரபுப் படைகள், 1349-ல் நிலநடுக்கம், 1944 பிப்ரவரி 15-ல் நேச நாடுகளின் குண்டுவீச்சு என்று நான்கு முறை நாசமானது. நான்கு முறையும் திரும்பக் கட்டினார்கள். 1964-ல் அந்த ஆலயத்தை மீண்டும் அர்ச்சித்த போப் ஆறாம் பவுல், பெனடிக்டை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார்.

இந்த ஆறு பேரில் யாருடைய ஃபார்முலாவும் பிரச்னையை நிரந்தரமாகத் தீர்க்கவில்லை. பெனடிக்ட் டைம்டேபிள் போட்டார், ரோமுவால்ட் இடத்தைப் பிரித்தார், புருனோ வழிவந்தவர்கள் வளர்ச்சிக்கு வரம்பு வைத்தார்கள், சிட்டோ ஆடிட் வைத்தது, ஹில்டகார்ட் உரிமையைக் கேட்டு வாங்கினார், கிளாரா எல்லாவற்றையும் மறுத்தார். ஒவ்வொன்றும் கொஞ்ச காலம் தாங்கியது, சில இன்னும் தாங்குகின்றன. ஒன்று பலவீனமானபோது, அதை உள்ளேயே இருந்து பார்த்த யாரோ ஒருவர், தன் சௌகரியத்தை விட்டுவிட்டு, மறுபடி தொடங்கியிருக்கிறார்.

கிளாராவின் மூலப் பத்திரம் பல நூற்றாண்டுகள் எங்கே என்றே தெரியாமல் இருந்தது. 1893-ல் அசிசி மடத்தில், பத்திரமாக வைத்திருந்த அவருடைய பழைய உடையின் மடிப்புக்குள் அது கிடைத்தது. கிளாரா இதைப் பலமுறை தொட்டு முத்தமிட்டார் என்று அதன் ஓரத்தில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.